பழைய டிஜிட்டல் கேமரா: எந்தத் தலைமுறையை எடுப்பது?

1990களின் நடுவில் தொடங்கி 2004 வரை வந்த டிஜிட்டல் கேமராக்களை இப்போது பலர் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். சிலருக்கு அந்தப் படங்களின் நிறம் பிடித்திருக்கிறது. சிலருக்குச் சின்ன வயதில் வீட்டில் இருந்த அதே மாடல் வேண்டும். சிலருக்கு ஃபோன் இல்லாமல் ஒரு நாள் சுற்ற ஒரு கேமரா போதும். காரணம் எதுவாக இருந்தாலும் எல்லோரும் முதலில் கேட்பது, "இது எத்தனை மெகாபிக்சல்?" என்பதைத்தான். என்னைக் கேட்டால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. எடுத்த படம் கேமராவை விட்டு எப்படி வெளியே வரும்? பேட்டரி இன்றைக்கும் கிடைக்குமா? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் வாங்கிய கேமரா, எவ்வளவு அழகாக இருந்தாலும், சீக்கிரமே அலமாரிக்குப் போய்விடும்.

அதனால் இந்த ஒப்பீட்டில் கேமராக்களை நிறுவனம் வாரியாகப் பிரிக்கவில்லை. படம் எதில் பதிகிறது என்பதை வைத்துப் பிரித்திருக்கிறேன். உள்ளே இருக்கும் நினைவகத்தில் மட்டுமே பதிபவை, ஃப்ளாப்பியில் பதிபவை, ஸ்மார்ட்மீடியா கார்டு போடுபவை, காம்பேக்ட் ஃப்ளாஷ் கார்டு போடுபவை, கடைசியாக எஸ்டி கார்டும் மெமரி ஸ்டிக்கும் போடுபவை. வாங்கியபின் வரும் சந்தோஷமும் எரிச்சலும் பெரும்பாலும் இந்த ஒன்றிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

கேபிளை நம்பியிருப்பவை

1994-ல் ஆப்பிள் பெயரில் வந்த குயிக்டேக் 100-ஐத் தயாரிப்பதில் கோடக்கின் கை இருந்தது. 640×480 அளவில் அதில் நிற்பது எட்டே படங்கள். அளவை 320×240 ஆகக் குறைத்தால் 32. பின்னால் படம் பார்க்கத் திரை கிடையாது. பிடிக்காத ஒரு படத்தை மட்டும் கேமராவிலேயே அழிக்கவும் முடியாது. அழித்தால் மொத்தமாகத்தான் அழிக்க வேண்டும். அடுத்த வருடம், 1995-ல், கேசியோ க்யூவி-10 வந்தது. படத்தின் அளவு 320×240 தான், ஆனால் 96 படம் பிடிக்கும். முன்பக்கத்தில் லென்ஸ் இருக்கும் பகுதி தனியாகச் சுழலும். பின்பக்கத்தில் 1.8 அங்குலத் திரை. எடுத்தவுடனே திரையில் பார்ப்பது என்று இன்று நாம் யோசிக்காமல் செய்யும் பழக்கம் பொதுமக்களிடம் பரவியது இந்தக் கேமராவிலிருந்துதான். இரண்டுமே வரலாற்றில் இடம்பிடித்தவை, பார்க்கவும் அழகானவை.

பயன்படுத்த என்று பார்த்தால் கதை வேறு. இரண்டிலும் கார்டு கிடையாது. படம் வெளியே வர வேண்டுமானால் சீரியல் கேபிள் (யூஎஸ்பிக்கு முந்தைய இணைப்பு), அதைச் சொருகும் துளை உள்ள கணினி, அந்தக் காலத்து மென்பொருள் மூன்றும் வேண்டும். கேபிள் இல்லாத கேமராவை வாங்கினால் கேபிளைத் தேடுவதே தனி வேலையாகிவிடும். சீரியல் வேகமும் ரொம்பக் குறைவு. நொடிக்கு 1,15,200 பிட் என்ற வேகத்தில் போனால்கூட ஒரு மெகாபைட் இறங்க ஒன்றரை நிமிடம் ஆகும். பழைய கேமராக்கள் பலவற்றில் அந்த வேகமே எட்டாத கனவு.

லினக்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் கொஞ்சம் வழி இருக்கிறது. ஜிஃபோட்டோ என்ற இலவச மென்பொருள் கேசியோவின் க்யூவி வரிசையோடு பேசும். குயிக்டேக்கின் கோப்புகளை டிசிரா என்ற நிரல் பிரித்துத் தரும். க்யூவி-10-ல் டிவியில் போட்டுப் பார்க்க வீடியோ வெளியீடும் உண்டு. வேறு எதுவும் சரிப்படாவிட்டால் அதையே ஒரு கேப்சர் கருவியில் (வீடியோவைக் கணினிக்குள் பதியும் கருவி) இணைத்துப் படத்தை எடுத்துவிடலாம். இதெல்லாம் ஒரு பொழுதுபோக்காகப் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். வார இறுதியில் வெளியே எடுத்துப் போய்ப் படம் எடுக்க என்றால் வேண்டாம்.

ஃப்ளாப்பி போடும் மேவிகா

1997-ல் சோனி இந்தக் கேபிள் தலைவலியை நேராக வெட்டியெறிந்தது. மேவிகா எஃப்டி5, எஃப்டி7 இரண்டும் சாதாரண 3.5 அங்குல ஃப்ளாப்பியிலேயே படத்தைப் பதிந்தன. அன்றைக்கு எல்லாக் கணினியிலும் ஃப்ளாப்பி டிரைவ் இருந்தது. கேபிளும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம். வட்டை எடுத்துக் கணினியில் போட்டால் உள்ளே ஜேபெக் கோப்புகள் வரிசையாக இருக்கும். பள்ளிக்கூடம், அலுவலகம், வீடு வாங்கி விற்பவர்கள் என்று எல்லோரும் இதை எடுத்துக்கொண்டதற்கு அந்த எளிமைதான் காரணம். ஒரு வட்டில் இருக்கும் படங்களை அப்படியே அடுத்தவர் கையில் கொடுத்துவிடலாம் என்ற வசதியை அதற்குப்பின் வந்த எந்த கார்டும் அவ்வளவு மலிவாகத் தரவில்லை.

கையில் பிடித்தால் முதலில் தெரிவது அதன் உருவம். உள்ளே ஒரு முழு ஃப்ளாப்பி டிரைவ் இருப்பதால் கேமரா செங்கல் கனத்தில் அகலமாக இருக்கும். பட்டனை அழுத்தியதும் படம் திரையில் உறைந்து நிற்கும். உள்ளே மோட்டார் சுழலத் தொடங்கும், பிறகு வட்டில் எழுதும் தலை நகரும் "கிர்ர்... டக் டக்" சத்தம், அந்த அதிர்வு உள்ளங்கையில் தெரியும். சில நொடிகள் கழித்துத்தான் அடுத்த படத்துக்குத் தயார். நிதானமாக எடுப்பவர்களுக்கு இது ஒரு சந்தம் மாதிரி பழகிவிடும். ஓடும் குழந்தையை எடுக்க நினைப்பவர்களுக்குப் பொறுமை போய்விடும். கோடக்கில் ஸ்டீவன் சாஸன் 1975-ல் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமரா ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 நொடி எடுத்துக்கொண்டது. அதோடு பார்த்தால் மேவிகா வேகமானதுதான்.

எஃப்டி5-ல் ஜூம் இல்லை. எஃப்டி7-ல் 10 மடங்கு ஆப்டிகல் ஜூம் இருக்கிறது. அதனால் இரண்டில் ஒன்று என்றால் எஃப்டி7, அல்லது 1999-ல் வந்த எஃப்டி73. படம் 640×480. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் இரண்டு அங்குலம் சொச்சம் அகலம்தான் வரும். திரையில் பார்க்க, நண்பர்களுக்கு அனுப்ப, ஒரு சின்ன நாட்குறிப்பில் ஒட்ட அது போதும். சுவரில் மாட்ட முடியாது.

பேட்டரி விஷயத்தில் மேவிகாவுக்கு எதிர்பாராத அதிர்ஷ்டம். அது போட்டுக்கொள்வது சோனியின் என்பி-எஃப் வரிசை பேட்டரி. வீடியோ எடுப்பவர்களின் எல்இடி விளக்குகளுக்கும் மானிட்டர்களுக்கும் அதே வடிவ பேட்டரிதான் இன்றும் போகிறது. அதனால் புதிதாகத் தயாராகிக்கொண்டே இருக்கிறது. கிட்டத்தட்ட முப்பது வருடக் கேமராவுக்குப் புது பேட்டரி கிடைப்பது பெரிய விஷயம்.

ஃப்ளாப்பிதான் அதன் பலவீனம். சோனி ஃப்ளாப்பி விற்பனையை 2011-ல் நிறுத்திவிட்டது. இப்போது கிடைப்பதெல்லாம் பழைய இருப்பு. அவற்றில் சில வாங்கிய அன்றே பிழை காட்டும். யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் ஒன்று தனியாக வாங்க வேண்டும். இன்னொரு நுணுக்கமான சிக்கலும் உண்டு: வயதான கேமராவில் டிரைவின் தலை இம்மியளவு விலகியிருக்கும். அப்போது கேமரா எழுதிய வட்டை அந்தக் கேமரா மட்டுமே படிக்கும், வேறு டிரைவ் படிக்காது. ஆகவே விற்பவர் கேமரா திரையில் படத்தைக் காட்டினால் அதோடு திருப்தியாகிவிடாதீர்கள். வட்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்து, ஒரு படம் எடுத்து, அதை வேறு டிரைவில் திறந்து காட்டச் சொல்லுங்கள். மேவிகா வாங்கும்போது இதைவிட முக்கியமான சோதனை இல்லை.

ஸ்மார்ட்மீடியா: நல்ல லென்ஸ், மோசமான கார்டு

இந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனசு கொஞ்சம் கஷ்டப்படும். ஒலிம்பஸின் சி-2000 வரிசையும் சி-3000 வரிசையும் அருமையான கேமராக்கள். 1999-ல் வந்த சி-2000-ல் எஃப்/2.0 லென்ஸ், பிந்தைய சி-3040-ல் எஃப்/1.8. இருட்டறையில் ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்க இவ்வளவு திறந்த லென்ஸ் அந்தக் காலத்து டிஜிட்டலில் பெரிய வரம். ஃபியூஜியின் அந்தக் காலத்து ஃபைன்பிக்ஸ் மாடல்கள் பலவும் இதே கார்டைத்தான் போட்டுக்கொள்கின்றன.

ஆனால் கார்டு? ஸ்மார்ட்மீடியா ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய தகடு. தங்க நிறத் தொடுமுனைகள் வெளியே தெரியும்படி இருக்கும். விரல் பட்டாலே அழுக்கேறும், லேசாக வளைந்தாலும் ஆபத்து. உள்ளே கட்டுப்பாட்டுச் சில்லு எதுவும் இல்லை, வெறும் நினைவகம்தான். அந்த வேலையைக் கேமராவே செய்ய வேண்டும். அதனால் கேமரா தயாரான காலத்தில் இல்லாத பெரிய அளவு கார்டை அது ஏற்காமல் போகலாம். 128 மெகாபைட்டோடு அந்த வகையே முடிந்துவிட்டது. 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று இரண்டு வகை வேறு, வெட்டு எந்த மூலையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். காம்பேக்ட் ஃப்ளாஷுக்குக் கிடைப்பதுபோல எஸ்டி கார்டைச் சொருகிச் சமாளிக்கும் அடாப்டர் இதற்குக் கிடையாது. கணினியில் ஃபார்மேட் செய்தால் சில நேரம் கேமரா அந்தக் கார்டை அடையாளம் காணவே மறுத்துவிடும்.

ஒலிம்பஸில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பல படங்களை ஒட்டி ஒரே அகலப் படமாக்கும் பனோரமா வசதி வேலை செய்ய ஒலிம்பஸ் பெயர் போட்ட கார்டுதான் வேண்டும். வேறு நிறுவனத்தின் கார்டைப் போட்டால் அந்த வசதி திறக்காது.

என் முடிவு: கார்டோடு சேர்ந்தே வந்தால், யூஎஸ்பி துளை இருந்தால், ஒரு உதிரி கார்டும் கிடைத்தால் வாங்கலாம். கேமரா மட்டும் தனியாக வந்தால், லென்ஸ் எவ்வளவு ஆசை காட்டினாலும் விட்டுவிடுங்கள்.

காம்பேக்ட் ஃப்ளாஷ்: நான் கை காட்டும் இடம்

சான்டிஸ்க் 1994-ல் கொண்டுவந்த காம்பேக்ட் ஃப்ளாஷ் நேர் எதிர். தடித்த கார்டு, கட்டுப்பாட்டுச் சில்லு கார்டுக்குள்ளேயே இருக்கிறது. கேமராவின் கண்ணுக்கு அது ஒரு குட்டி ஹார்ட் டிஸ்க் மாதிரி தெரியும். அதனால் பழைய கேமராவும் தனக்குப்பின் வந்த கார்டோடு ஓரளவு ஒத்துப்போகும். தொழில்முறைக் கேமராக்கள் நெடுங்காலம் இதையே பயன்படுத்தியதால் கார்டும் கிடைக்கிறது, ரீடரும் கிடைக்கிறது. எஸ்டி கார்டை உள்ளே வைத்துக்கொள்ளும் அடாப்டரும் உண்டு. இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். கார்டில் மெல்லிய வகை, தடித்த வகை என்று இரண்டு இருக்கின்றன. பல கேமராக்களின் துளை மெல்லிய வகைக்கு மட்டும்தான். அடுத்தது, அந்தக் காலக் கேமராக்களின் கோப்பு முறையால் 2 ஜிபிக்கு மேல் போக முடியாது. நடைமுறையில் 64 அல்லது 128 மெகாபைட் கார்டு போட்டால் சண்டையே வராது. 2 மெகாபிக்சல் படத்துக்கு அதுவே நிறைய.

இந்தக் கூட்டத்தில் நான் முதலில் சொல்வது நிக்கான் கூல்பிக்ஸ் 950. 1999-ல் வந்தது, 1600×1200 பிக்சல், மெக்னீசியம் உடல், 3 மடங்கு ஜூம். நடுவில் இரண்டாகப் பிரிந்து சுழலும். ஒரு பாதியில் லென்ஸும் ஃப்ளாஷும், மறு பாதியில் திரையும் பட்டன்களும். இந்தச் சுழற்சி வெறும் வேடிக்கை என்றுதான் பலர் முதலில் நினைப்பார்கள். தரையோடு தரையாகப் பூத்திருக்கும் ஒரு சின்னப் பூவை எடுத்துப் பாருங்கள். கேமராவை மண்ணில் வைத்து, திரையை மேலே பார்க்கத் திருப்பி, குனிந்து நின்றபடியே படத்தை அமைக்கலாம். மண்டியிட வேண்டியதில்லை. மேக்ரோ நிலையில் 2 சென்டிமீட்டர் தூரம் வரை நெருங்கும். மகரந்தத்தூள் தனித்தனியாகத் தெரியும் படம் 2 மெகாபிக்சலிலேயே வரும். சிறிய லென்ஸ் என்பதால் தொலைநோக்கியின் கண்வில்லைக்குப் பின்னால் வைத்துப் பறவைகளை எடுக்க ஒரு காலத்தில் பறவை ஆர்வலர்கள் இதைத்தான் தேடினார்கள். கை நடுங்கும் வெளிச்சத்தில் வரிசையாகச் சில படங்கள் எடுத்து, அவற்றில் கூர்மையானதை மட்டும் தானே வைத்துக்கொள்ளும் ஒரு வசதியும் இதில் உண்டு. அந்தக் காலத்துக்கு அது எவ்வளவு முன்னோடியான யோசனை!

குறையும் சொல்ல வேண்டும். 950-ல் யூஎஸ்பி கிடையாது, கார்டு ரீடர் கட்டாயம். நான்கு ஏஏ பேட்டரியை அழுத்திப் பிடிக்கும் மூடியின் கொக்கி பிளாஸ்டிக். அது உடைந்துபோன கேமராக்கள் நிறைய. மூடியை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தால் காரணம் அதுதான். அடுத்து வந்த கூல்பிக்ஸ் 990-ல் 3.34 மெகாபிக்சலும் யூஎஸ்பியும் கிடைக்கும். இரண்டும் நல்ல நிலையில் எதிரே இருந்தால் 990-ஐ எடுங்கள், ஆனால் மூடியைத் திறந்து மூடிப் பார்த்தபிறகு.

கேனான் பவர்ஷாட் ஜி1 இன்னொரு பாதை. 2000-ல் வந்தது, 3.34 மெகாபிக்சல், எஃப்/2.0-ல் தொடங்கும் லென்ஸ், வெளியே திருப்பும் திரை, மேலே வேறு ஃப்ளாஷ் மாட்டும் இடம், ரா கோப்பு (கேமரா மெருகேற்றாத மூலத் தரவு) எடுக்கும் வசதி. இதன் பேட்டரி பிபி-511. கேனானின் டிஎஸ்எல்ஆர்கள் (லென்ஸ் மாற்றும் பெரிய கேமராக்கள்) பலவற்றுக்கும், முதல் 5டி உட்பட, அதே பேட்டரிதான் போனது. அதனால் மாற்று பேட்டரிக்குப் பஞ்சமில்லை. தடித்த காம்பேக்ட் ஃப்ளாஷும் உள்ளே போகும், எனவே அடாப்டர் விஷயத்திலும் தாராளம். எல்லாவற்றையும் கையால் கட்டுப்படுத்த விரும்புகிறவர்களுக்கு 950-ஐவிட ஜி1 நிம்மதி. சட்டைப்பைக்குள் மட்டும் அடங்காது.

இவ்வளவெல்லாம் வேண்டாம், அழுத்தினால் படம் வந்தால் போதும் என்றால் 2001-ல் வந்த பவர்ஷாட் ஏ20. 2.1 மெகாபிக்சல், 3 மடங்கு ஜூம், நான்கு ஏஏ, காம்பேக்ட் ஃப்ளாஷ், யூஎஸ்பி. உருண்டு திரண்ட, உறுதியான உடல். இதைப் பற்றி யாரும் கவிதை பாட மாட்டார்கள். ஆனால் முதல்முறையாக வாங்குகிறவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான்.

2002க்குப் பிறகு: வசதி அதிகம், ஒரு ஆபத்தும் உண்டு

எஸ்டி கார்டு போடும் சின்னக் கேமராக்கள் இந்தக் காலத்தில் பெருகின. சட்டைப்பையில் போகும், யூஎஸ்பி இருக்கும், திரை தெளிவாக இருக்கும். கார்டு மட்டும் பழைய வகை வேண்டும். 2006-ல் வந்த எஸ்டிஹெச்சி கார்டுகளை இவை ஏற்காது. 2 ஜிபி அல்லது அதற்குக் குறைந்ததைத் தேட வேண்டும். சோனிக் கேமராக்கள் மெமரி ஸ்டிக் கேட்கும். அதன் முதல் வகை 128 மெகாபைட்டோடு நின்றுவிட்டது.

இந்தக் காலக் கேமராக்களை வாங்குகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. 2002 கடைசியிலிருந்து 2004 தொடக்கம் வரை சோனி தயாரித்த சிசிடி உணரிகளில் (வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லு) ஒரு பகுதி குறையோடு வெளிவந்தது. வெப்பமும் ஈரப்பதமும் அதிகமான இடத்தில் உணரியின் உள் இணைப்புகள் நாளடைவில் விட்டுப்போகும். படம் ஊதாவாகும், அலையலையாக நெளியும், கடைசியில் முழுக்கக் கறுப்பு. 2005-ல் இது வெளியே வந்தது. அந்த உணரியை வாங்கிப் பயன்படுத்திய பல நிறுவனங்கள் தங்கள் மாடல்களின் பட்டியலை வெளியிட்டு இலவசமாகச் சரிசெய்து கொடுத்தன. கேனான் ஏ60, ஏ70, ஏ75, சோனி எஃப்717 போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளவை. இன்று கைமாறும் ஏ70 அப்போது சரிசெய்யப்பட்டதா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. இன்று நன்றாக வேலை செய்வது அடுத்த கோடையில் நின்றுபோகலாம். 2001-ன் ஏ20-ஐ 2003-ன் ஏ70-க்கு மேலாக நான் வைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். புதியது என்றால் பாதுகாப்பானது என்ற கணக்கு இங்கே செல்லாது.

சிசிடி நிறம் என்ற பேச்சு

இந்தக் கேமராக்களைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் காரணம், "சிசிடி உணரியின் நிறமே தனி". இதை அப்படியே நம்பி மாடல் தேர்ந்தெடுக்காதீர்கள். சிசிடியானாலும், இன்றைய கேமராக்களில் இருக்கும் சீமாஸ் வகையானாலும், உணரி வெறும் வெளிச்சத்தைத்தான் அளக்கிறது. நிறத்தைத் தீர்மானிப்பது அதன் மேலுள்ள வண்ண வடிகட்டிகளும், வெள்ளை வெள்ளையாகத் தெரியக் கேமரா உள்ளே செய்யும் நிறச் சமநிலையும், ஜேபெக் ஆக்கும்போது கூட்டும் கான்ட்ராஸ்டும்தான். அந்தக் காலப் படம் என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு வேறு விஷயங்களுக்கு உரியது. லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன ஃப்ளாஷின் நேரடி வெளிச்சம், சட்டென்று வெளுத்துப்போகும் வானம், குறைந்த பிக்சல்.

சிசிடிக்கே உரிய அடையாளம் என்று உறுதியாகச் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. சூரியனோ தெருவிளக்கோ சட்டகத்துக்குள் வந்தால் அதன் வழியாக மேலிருந்து கீழே ஒரு ஒளிக்கோடு ஓடும். அது பிடித்திருந்தால் இந்தக் கேமராக்களில் சில தரும். நிறம் என்று பார்த்தால் ஒரே வருடத்தில் வந்த கேனானுக்கும் ஒலிம்பஸுக்கும் வித்தியாசம் உண்டு. வாங்குவதற்குமுன் அந்தந்த மாடலில் எடுத்த, கை வைக்காத படங்களைத் தேடிப் பார்ப்பதே நல்லது.

பேட்டரியும் வாங்கும்முன் பார்க்க வேண்டியவையும்

ஏஏ போடும் கேமரா வேலை செய்யவில்லை என்று ஒதுக்கப்படுவதில் கணிசமானவை உண்மையில் பேட்டரிச் சிக்கல். இந்தக் கேமராக்கள் திரையையும் ஃப்ளாஷையும் இயக்கும்போது ஒரே நேரத்தில் நிறைய மின்னோட்டத்தை இழுக்கும். சாதாரண அல்கலைன் பேட்டரியின் மின்னழுத்தம் அந்த இழுப்பில் சரிந்துவிடும், கேமராவும் "பேட்டரி தீர்ந்தது" என்று அணைந்துவிடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி போட்டால் அதே கேமரா மணிக்கணக்கில் ஓடும். வைத்த இடத்திலேயே தானாகச் சீக்கிரம் காலியாகாத, எனிலூப் போன்ற வகை இதற்கு ரொம்பப் பொருத்தம். தேதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் அழிந்தால் பயப்பட வேண்டாம். உள்ளே கடிகாரத்தைக் காப்பாற்றும் குட்டி பேட்டரி செத்திருக்கும், படத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

பேட்டரி அறையில் வெள்ளையோ பச்சையோ பொருக்கு இருந்தால் அல்கலைன் கசிந்திருக்கிறது. லேசாக இருந்தால் பஞ்சுக்குச்சியில் சிறிது வினிகர் தொட்டுத் துடைத்து, உலர்ந்தபின் முயலலாம். சுருள்கம்பி அரித்துப் போயிருந்தால் வேண்டாம். வீட்டில் திறந்து பழுது பார்க்கலாமே என்ற ஆசை வந்தால் ஒரு எச்சரிக்கை. ஃப்ளாஷ் உள்ள எந்தக் கேமராவுக்குள்ளும் ஏறக்குறைய 300 வோல்ட் தேக்கும் மின்தேக்கி இருக்கிறது. பேட்டரியை எடுத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். அனுபவம் இல்லாமல் கை வைக்கக் கூடாது.

நேரில் பார்த்து வாங்க முடிந்தால் ஜூமை முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துப் பாருங்கள், உணரியில் பூஞ்சையோ புள்ளியோ இருந்தால் அதில் தெரியும். ஃப்ளாஷ் இரண்டாவது முறையும் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். படத்தைக் கணினியில் திறந்து பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் யாருக்கு எது?

தினமும் கையோடு கொண்டுபோய்ப் படம் எடுக்க, 4×6 அளவில் அச்சுப் போட, அதிகம் யோசிக்காமல் இருக்க ஏ20. 1600×1200 அந்த அச்சுக்கு ஏறக்குறைய சரியாக இருக்கும். செடி, பூச்சி, சின்னப் பொருள்கள், விநோதக் கோணங்கள் என்றால் கூல்பிக்ஸ் 950 அல்லது 990, வேறு பேச்சே இல்லை. புகைப்படம் கற்றுக்கொள்ள, லென்ஸ் திறப்பும் ஷட்டர் வேகமும் தானே வைத்துப் பழக, 5×7 வரை அச்சிட ஜி1. ஒரு கூட்டத்துக்குக் கொண்டுபோனால் எல்லோரும் சுற்றி நின்று கேட்க வேண்டும், எடுத்த படத்தை வட்டாகவே பரிசளிக்க வேண்டும் என்றால் மேவிகா எஃப்டி7 அல்லது எஃப்டி73. இதற்கு ஒரு யூஎஸ்பி டிரைவையும் நல்ல வட்டுகள் ஒரு பெட்டியையும் கேமராவோடு சேர்த்தே கணக்கில் வையுங்கள். ஒலிம்பஸ் லென்ஸ் வேண்டுமென்றால் கார்டு முதலில், கேமரா அப்புறம். க்யூவி-10-ம் குயிக்டேக்கும் சேகரிப்பவர்களுக்கு.

ஏ20, 950 இரண்டுக்கு நடுவில் இன்னும் குழப்பமாக இருந்தால், 950-ல் சுழற்சி தேவையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கண்மட்டத்திலேயே எடுப்பவர் என்றால் அதன் எடைக்கும் அந்தப் பேட்டரி மூடிக்கும் உங்களுக்கு எந்தப் பலனும் இல்லை, ஏ20 போதும். வாங்கியதும் கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். வெயிலில் எடுக்கும்போது ஈவி (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும்) அளவை ஒரு படி கீழே இறக்கி வையுங்கள், வெளுத்துப்போன வானத்தை பிறகு மீட்க முடியாது. பட்டனைப் பாதி அழுத்தி ஃபோகஸ் பூட்டிவிட்டுக் காத்திருந்து முழுதாக அழுத்தினால், இந்தக் கேமராக்களின் தாமதத்தில் பெரும்பகுதி காணாமல் போகும்.